டொரண்டோ அண்ணன் அனுப்புற பணத்தை என் அக்கவுண்ட்ல வாங்கலாமா அக்கா?

நீலகிரி பந்தலூர் பக்கத்துல டான்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டத்தோட ஒரு டிவிஷன்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். நீளமான கடிதம், அவர் வார்த்தையிலயே சுருக்கித் தர்றேன்:

"அக்கா, நாங்க அஞ்சு பேர் சேர்ந்து 2021-ல ஒரு சின்ன டிரஸ்ட் ரிஜிஸ்டர் பண்ணோம். எஸ்டேட்ல பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவை (வேலைக்குப் போறவங்க கைக்குழந்தைங்களை விட்டுட்டுப் போற இடம்) சுத்தம் பண்ணி சாயங்காலம் 43 பிள்ளைங்களுக்கு டியூஷன் நடத்துறோம், வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ஆகும், ஊர்லயே வசூல் பண்ணிக்கிறோம். வயநாடு சூரல்மலை நிலச்சரிவு நடந்தப்ப ஒரு வாரம் மேப்பாடி கேம்ப்ல நின்னோம். அந்த போட்டோ பார்த்துட்டு டொரண்டோல இருக்க எங்க பெரியப்பா பையன் அவங்க சங்கத்துல வசூல் பண்ணி 25,000 கனடா டாலர் தர்றோம்னு சொல்லிட்டார். மெடிக்கல் கேம்ப், பிள்ளைங்களுக்கு டேப், அடுத்த மழைக்கு நிவாரணப் பொருள், இதான் பிளான். டிரஸ்ட் அக்கவுண்ட்ல வெளிநாட்டுப் பணம் வரக்கூடாதுன்னு பேங்க்ல சொன்னதால முதல் தவணை 1,20,000 ரூபாயை என் சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு போட்டுட்டார், அதுல 40,000-க்கு நோட்டு, பேக் எல்லாம் வாங்கிக் கொடுத்தாச்சு. மிச்சப் பணத்தை துபாய்ல இருக்க ஃப்ரெண்ட் மூலமா வாங்குன்னு ஒருத்தர் சொல்றார். கோழிக்கோடு பக்கம் எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடை வாங்குற அனுமதி, வச்சிருக்க ஒரு டிரஸ்ட் 10 பர்சன்ட் எடுத்துக்கிட்டு மீதியை நமக்குத் தரும்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி? மருந்தும் துணியும் பெட்டி பெட்டியா அனுப்பவும் அங்க ரெடியா இருக்காங்க."

தம்பி, முதல்ல உங்க அக்கவுண்ட்ல கிடக்குற அந்த 80,000 ரூபாயைப் பத்திப் பேசுவோம். அதை இனிமே தொடாதீங்க. டிரஸ்ட் அக்கவுண்ட்டுக்கு மாத்திட்டா கணக்கு நேராயிடும்னு யாராவது சொன்னா கேட்டுடாதீங்க, இப்ப உங்க ஒருத்தர் பேர்ல இருக்க சிக்கலை மாத்துன அன்னைக்கே டிரஸ்ட் பேருக்கும் ஏத்தி விட்டுடுவீங்க. நோட்டு பேக் வாங்குன 40,000-க்கு பில் எல்லாம் இருக்கான்னு இன்னைக்கே தேடி எடுத்து ஒரு கவர்ல போடுங்க, கடைக்காரர் பில் தரலைன்னா இப்ப போய் கேளுங்க, பந்தலூர் பஜார்ல எல்லாரும் தெரிஞ்ச மொகந்தான், தருவாங்க. அண்ணன்கிட்ட அடுத்த தவணையை நிறுத்தி வைங்கன்னு சொல்லிடுங்க. நீங்க கெட்ட எண்ணத்துல எதுவும் பண்ணலைன்னு எனக்கு நல்லாத் தெரியுது, ஆனா பேப்பர் பார்க்குற ஆபீசருக்கு உங்க மனசு தெரியாது, பாஸ்புக் என்ட்ரி மட்டும்தான் தெரியும்.

இப்ப ஏன் இவ்ளோ பயமுறுத்துறேன்னு சொல்றேன். எஃப்சிஆர்ஏன்னு நாம சொல்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976-ல வந்துச்சு, 2010-ல புதுசா எழுதுனாங்க, 2020 செப்டம்பர்ல இன்னும் இறுக்கிட்டாங்க. படிப்பு, மருத்துவம், நிவாரணம் மாதிரி சமூக வேலைக்குன்னு வெளிநாட்டு ஆள்கிட்டயோ அமைப்புகிட்டயோ பணம் வாங்கணும்னா ஒண்ணு ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கணும், இல்ல அந்தக் குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி வாங்கியிருக்கணும். ரெண்டுல எது இருந்தாலும் பணம் முதல்ல வந்து இறங்க வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணுதான், எஸ்பிஐ நியூ டெல்லி மெயின் பிராஞ்ச், அங்க தனியா ஒரு எஃப்சிஆர்ஏ அக்கவுண்ட் தொறக்கணும், அங்கிருந்துதான் நம்ம ஊர் பேங்குக்கு எடுத்துக்கிட்டு வர முடியும். மீறுனா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும்னு சட்டத்துல இருக்கு. சின்ன டிரஸ்ட்தானே யார் கேட்கப் போறாங்கன்னு பேசுறவங்க நெறய பேர், 20 வருஷத்துக்கு மேல டிரஸ்ட் கணக்கு பார்க்குறவளா சொல்றேன், சின்னவங்களுக்குத்தான் வக்கீல் வைக்கவும் டெல்லிக்கு ஓடவும் காசு இருக்காது, ஒரு நோட்டீஸ் வந்தா டியூஷனே நின்னுடும்.

அண்ணன்தானே அனுப்புறார், சொந்தக்காரங்க அனுப்புனா 10 லட்சம் வரைக்கும் பரவாயில்லன்னு யூடியூப்ல பார்த்தேன்னு கடிதத்தோட கடைசியில எழுதியிருந்தீங்க. அந்த 10 லட்சம் கணக்கு நிஜம்தான், 2022 ஜூலைல 1 லட்சத்துல இருந்து ஏத்துனாங்க, வெளிநாட்டுல இருக்க உறவினர்கிட்ட இருந்து ஒரு வருஷத்துல அவ்வளவு வரைக்கும் வந்தா அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லத் தேவையில்ல. ஆனா யார் உறவினர்ங்கறதுக்கு சட்டம் ஒரு பட்டியல் வச்சிருக்கு, அப்பா அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்கன்னு போகும், அதுல பெரியப்பா பையன் கிடையாது. நம்ம வீட்டுல பெரியப்பா பையனை அண்ணன்னு மட்டும்தான் சொல்லுவோம், கசின்னு பிரிச்சுப் பேசுற பழக்கமே நம்மகிட்ட இல்ல, ஆனா சட்டத்துக்கு அவர் வேத்து ஆள். அப்படியே அவர் உங்க கூடப்பொறந்த அண்ணனாவே இருந்தாலும் வீட்டுச் செலவுக்கு அனுப்புற பணத்துக்குத்தான் அந்த சலுகை உதவும், ஒரு சங்கத்துல 60 பேர்கிட்ட வசூல் பண்ணி ஊர் வேலைக்குன்னு அனுப்புறது குடும்பப் பணம் ஆகாது.

உங்க தாத்தா இலங்கையில இருந்து 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல பேர் கொடுத்து கப்பலேறி மண்டபம் கேம்ப் வழியா இங்க வந்தார், பெரியப்பா அங்கயே நின்னுட்டார், அவர் பையன் கலவரத்துக்கு அப்புறம் கனடா போயிட்டார்னு எழுதியிருந்தீங்க. அந்த வரியைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டேன். கூடலூர் பந்தலூர்ல வீட்டுக்கு வீடு இதே கதைதான், ஒரே அடுப்புல சாப்பிட்ட குடும்பம் ரெண்டு பாஸ்போர்ட் மூணு பாஸ்போர்ட்டா பிரிஞ்சு போச்சு. அவருக்கு இந்த மலை மேல இருக்க பாசத்தை நான் கொஞ்சமும் கொறைச்சுப் பேசல. ஆனா அவர் ஒருநாளும் இந்தியக் குடிமகனா இருந்ததில்ல, இப்ப கனடா குடிமகன், அதனால அவர் பணம் வெளிநாட்டுப் பணம்தான்.

இதுலதான் துபாய் ஃப்ரெண்ட் விஷயம் வருது. அவர் நம்ம கூடலூர்க்காரர், இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கார், அப்ப அவர் சொந்த சம்பளத்துல சேர்த்த பணத்தை பேங்க் வழியா உங்க டிரஸ்ட்டுக்கு அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடைன்னு சட்டம் எடுத்துக்காது, உள்ளூர்ப் பணம் மாதிரிதான், பாஸ்போர்ட் காப்பியும் என் சொந்தப் பணம்னு ஒரு கடிதமும் வாங்கி ஃபைல்ல வச்சுக்கணும், அவ்ளோதான். துபாய், மஸ்கட், சவுதின்னு நம்ம எல்லைப் பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்க, முக்கால்வாசிப் பேர் இந்தியப் பாஸ்போர்ட்தான், இந்த வழி நமக்கு நல்லாவே தொறந்து கிடக்கு, ஏனோ நம்ம சின்ன டிரஸ்ட்டுங்க இதைக் கண்டுக்கறதே இல்ல. ஆனா டொரண்டோ பணத்தை அவர் அக்கவுண்ட்ல போட்டு அங்கிருந்து அவர் பேர்ல இங்க அனுப்புறதுங்கறது வேற கதை, அது பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு மறைக்கிற வேலை, ஒரு நல்ல பையனைக் கொண்டுபோய் மாட்டி விடுவீங்க, அவருக்கு அங்க வேலை போனா அந்த குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது? வேண்டவே வேண்டாம். ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க, முன்னாடி இந்தியரா இருந்து இப்ப வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிட்டவங்க, இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு வச்சிருக்கவங்க, இவங்க பணம் வெளிநாட்டுப் பணம்தான், ஊருக்கு வந்து கோயில் திருவிழால நம்மகூட சாமி தூக்குனாலும் அப்படித்தான்.

கோழிக்கோடு டிரஸ்ட் பேச்சை எடுத்தவர் யாரா இருந்தாலும் அவர் 2020-க்கு முந்தி நடந்ததை மனசுல வச்சுப் பேசுறார். அப்பல்லாம் எஃப்சிஆர்ஏ இருக்க பெரிய அமைப்பு வாங்கி, எஃப்சிஆர்ஏ இருக்க சின்ன அமைப்புக்குப் பிரிச்சுக் கொடுக்க முடியும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு அமைப்பு வாங்குன வெளிநாட்டுப் பணத்தை வேற எந்த அமைப்புக்கும் ஆளுக்கும் கைமாத்தவே கூடாது, வாங்குறவங்ககிட்ட ரிஜிஸ்ட்ரேஷன் இருந்தாலும் கூடாது. அதனால மலைக் கிராமங்கள்ல வேலை செஞ்சுக்கிட்டிருந்த எத்தனையோ சின்ன அமைப்புங்க மூச்சுத் திணறிப் போச்சு, அந்தத் திருத்தம் சின்னவங்களை நினைச்சுப் பார்த்து எழுதுனது இல்லைங்கறது என் அபிப்பிராயம், ஆனா என் அபிப்பிராயம் உங்களைக் காப்பாத்தாது. 10 பர்சன்ட் கமிஷன்னு பேசுற டிரஸ்ட் தன் லைசன்ஸையும் பணயம் வைக்குது உங்க தலையையும் பணயம் வைக்குது, அப்படிப்பட்டவங்ககூட டீ கூட குடிக்காதீங்க.

அப்ப நாமளே ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமான்னு கேட்பீங்க. டிரஸ்ட் தொடங்கி 3 வருஷம் ஆகியிருக்கணும், அது உங்களுக்கு ஆச்சு. ஆனா கடைசி 3 நிதியாண்டுல முக்கிய வேலைக்கு மட்டும் 15 லட்சமாவது செலவு பண்ணியிருக்கணும், ஆபீஸ் செலவு அதுல சேராது, உங்க கணக்குல நாலரை லட்சம்தான் வரும். அப்ப மிச்சம் இருக்கறது முன் அனுமதி, இன்ன அமைப்பு இவ்வளவு தொகை இந்த வேலைக்குத் தருதுன்னு அவங்க கொடுக்குற உறுதிக் கடிதம், திட்ட அறிக்கை, பொறுப்பாளர்கள் ஆதார், அந்த டெல்லி அக்கவுண்ட், எல்லாம் சேர்த்து விண்ணப்பிக்கணும். உங்க அஞ்சு பேர்ல நாலு பேர் ஒரே குடும்பம்னு எழுதியிருக்கீங்க, அது இங்க இடிக்கும், பணம் தர்ற பக்கத்து ஆளுங்களும் வாங்குற பக்கத்து நிர்வாகக் குழுவும் ஒருத்தருக்கொருத்தர் வேண்டியவங்களா நெறஞ்சிருந்தா அனுமதி கிடைக்காது, அதுக்குன்னே விதி வச்சிருக்காங்க. வெளியாள் ரெண்டு மூணு பேரை, ரிட்டயர்ட் டீச்சர், நர்ஸ் மாதிரி ஆளுங்களை, சேர்த்துத் திரும்ப எழுதலாம். அனுமதி கிடைச்சாலும் உள்ளூர்ப் பணத்தோட கலக்காம தனிக் கணக்கு, நிர்வாகச் செலவு 20 பர்சன்ட்டுக்கு மேல போகக்கூடாது, வருஷா வருஷம் டிசம்பர் 31-க்குள்ள எஃப்சி-4ங்கற வெளிநாட்டுப் பணக் கணக்கு ரிட்டர்ன். 43 பிள்ளைங்க டியூஷனை நடத்திக்கிட்டே இதை யார் பார்ப்பீங்கன்னு அஞ்சு பேரும் உட்கார்ந்து ஒரு ராத்திரி பேசுங்க. என்னைக் கேட்டா இந்த வருஷம் வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம்னாலே ஆகாதுன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. தமிழ்நாட்டோட இன்னொரு எல்லையில, ஆந்திரா பக்கம், வேலூர்ல சிஎம்சி ஆஸ்பத்திரி எப்படி வந்துச்சு? ஐடா ஸ்கடர்னு ஒரு அமெரிக்கப் பொண்ணு, டாக்டர் குடும்பத்துல பொறந்தவங்க, திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு வீட்டுல பிரசவத்துக்கு ஆள் கேட்டு வந்து, ஆம்பள டாக்டரை வீட்டுக்குள்ள விட மாட்டோம்னு சொல்லி, மூணு பொண்ணுங்களும் செத்துப் போனதைப் பார்த்து மனசு மாறி டாக்டருக்குப் படிச்சு வந்தவங்க. 1900-ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சாங்க, நியூயார்க் பேங்க் முதலாளி ஒருத்தர் செத்துப்போன மனைவி ஞாபகமா கொடுத்த 10,000 டாலர்ல 1902-ல 40 படுக்கை ஆஸ்பத்திரி எழும்புச்சு, குடியாத்தம் ரோட்டுல மரத்தடி மரத்தடியா நிறுத்தி வைத்தியம் பார்த்தாங்க. ஆனா 1918-ல அவங்க பொண்ணுங்களுக்குன்னு ஒரு மருத்துவப் பள்ளி தொடங்குனாங்க பாருங்க, நான் அதைத்தான் பெருசா நினைக்கிறேன், வந்த டாலர் இங்க உள்ள பொண்ணுங்க கையில வேலையா மாறுச்சு. தூரமா போவானேன், நம்ம கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியவே பாருங்க, 1990-ல இருந்து நடக்குது, பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் வீட்டுப் பொண்ணுங்களையே நர்ஸா, கிராம சுகாதாரப் பணியாளரா பழக்கி நிறுத்துனாங்க. ஊசி போடுற பொண்ணு நம்ம பாஷை பேசுறாங்கற தைரியத்துலதான் பயந்து ஓடுன சனம் ஆஸ்பத்திரி வாசப்படி ஏறுச்சு.

வேற மாதிரியும் பார்த்திருக்கேன். 2004 டிசம்பர் சுனாமி சமயம் எனக்கு சி.ஏ. முடிக்காத வயசு, என் சீனியரோட ஒரு அமைப்பு கணக்கு பார்க்க நாகப்பட்டினம் பக்கம் போனோம். ரோட்டோரம் பழைய துணி மலை மாதிரி கிடந்துச்சு, மழையில ஊறி, மாடு மேஞ்சுக்கிட்டு. அதுல குளிருக்குப் போடுற கனமான கோட்டு ஒண்ணு, பித்தளை பட்டனோட, நாகப்பட்டினம் வெயில்ல. ஒரு மீனவர் அம்மா என்கிட்ட மெதுவா வந்து, கண்ணு, உள்பாவாடை மட்டும் ரெண்டு கிடைச்சா போதும், வேற எதுவும் வேணாம்னு காதுல சொன்னாங்க. அவ்ளோ துணியில அந்த ரெண்டு உள்பாவாடை இல்ல. அன்னைல இருந்து பெட்டி பெட்டியா அனுப்புறோம்னு யார் சொன்னாலும் எனக்கு அந்த அம்மா மொகம்தான் ஞாபகம் வரும்.

அதனால அந்தப் பெட்டிங்க வேண்டாம்னு அண்ணன்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. பொருளா வந்தாலும் அதுவும் எஃப்சிஆர்ஏ கணக்குல வெளிநாட்டு நன்கொடைதான், பழைய துணி இறக்குமதிக்கு லைசன்ஸ் வேணும், துறைமுகத்துல மாட்டுனா நாள் வாடகை கட்டியே உங்க டியூஷன் காசு கரைஞ்சிடும். மருந்து அதவிட மோசம். நன்கொடையா போற மருந்துக்கு உலக சுகாதார நிறுவனம் 1996-லயே வழிமுறை எழுதி வச்சிருக்கு, வந்து சேர்ற அன்னைக்கு குறைஞ்சது ஒரு வருஷமாவது எக்ஸ்பைரி பாக்கி இருக்கணும், அந்த ஊர் டாக்டர் எழுதுற மருந்தா இருக்கணும், யாரோ பாதி சாப்பிட்டு மிச்சம் வச்சது கூடவே கூடாது. டொரண்டோல வீட்டு அலமாரில இருந்து எடுத்துப் போட்ட மாத்திரையை பந்தலூர்ல எந்த டாக்டர் தைரியமா கொடுப்பார்?

மெடிக்கல் கேம்ப் பத்தியும் மனசுல பட்டதைச் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. ஷாமியானா போட்டு, பேனர் கட்டி, 300 பேருக்கு பிரஷர் சுகர் பார்த்து, 10 நாளைக்கு மாத்திரை கொடுத்து, போட்டோ எடுத்துட்டு போயிடுறாங்க, 11-வது நாள் அந்த அக்கா என்ன பண்ணுவாங்க? பிரஷர் சுகர் மாத்திரை 2021 ஆகஸ்ட்ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்ங்கற தமிழ்நாடு அரசுத் திட்டத்துல வீட்டுக்கே வருது, உங்க லயத்துல, அதான் எஸ்டேட் வரிசை வீடுகள்ல, யாருக்கு வருது யாருக்கு விட்டுப்போச்சுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை வீடு வீடா போய் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுத்தா அது ஒரு கேம்ப்பவிட நூறு பங்கு வேலை. அப்புறம் சிக்கிள் செல், ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய். இந்தியாவுலயே முதல் முதல்ல இந்த நோயை 1952-ல நம்ம நீலகிரி ஆதிவாசிங்க ரத்தத்துலதான் கண்டுபிடிச்சு எழுதுனாங்க, இப்பவும் கூடலூர், வயநாடு ரெண்டு பக்கமும் இருக்கு. மூட்டு மூட்டா வலிக்குதுன்னு பிள்ளை அழுதா குளிர்ல அப்படித்தான்னு விட்டுடுறாங்க. இது ஒருநாள் கேம்ப்ல தீர்ற நோய் இல்ல, தினம் மாத்திரை, மாசா மாசம் ரத்தம் பார்க்கணும், வலி வந்த ராத்திரி வண்டி வேணும். உங்க 43 பிள்ளைங்கள்ல ஆதிவாசி வீட்டுப் பிள்ளைங்க இருந்தா டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க, 2023 ஜூலைல இருந்து இதுக்குன்னு மத்திய அரசு திட்டமே ஓடுது, டெஸ்ட்டுக்குக் காசு கிடையாது. காசு எங்க ஆகுதுன்னா ஜீப்புக்கு. சேரம்பாடி உள்ள இருந்து ஒருத்தர் கூடலூர் ஜிஹெச் போய் ரத்தம் கொடுத்துட்டு திரும்பணும்னா அன்னைக்குக் கூலி போச்சு, வண்டிக் காசு போச்சு, அதான் ரெண்டாவது தடவ யாரும் போறதில்ல. உள்ளூர்ல கிடைக்கிற பணத்தை அந்த ஜீப்புக்குப் போடுங்க.

டேப் பத்தி ரெண்டே வார்த்தை, சிக்னல் இல்லாத லயத்துல டேப் படம் பார்க்கத்தான் ஆகும். உங்க டியூஷன் ஆறரைக்கு முடியுதுன்னு எழுதியிருக்கீங்க, கார்த்திகை மார்கழில அது நல்ல இருட்டு, தேயிலை ஓரம் ஆனை நிக்கிற நேரம். ஏழெட்டு நல்ல டார்ச், பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட முறை வச்சு ரெண்டு அப்பாமார், இதுக்கு 10,000 ரூபாய்கூட ஆகாது, ஆனா பொம்பளப் பிள்ளைங்களை டியூஷனுக்கு விடலாமா வேண்டாமான்னு அம்மா யோசிக்கிறது முக்கால்வாசி அங்கதான்.

நிவாரணம்னு எழுதியிருக்கீங்களே, அதுல உங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணுமில்ல, 2024 ஜூலை 30 ராத்திரிக்கு அப்புறம் சோலாடி செக்போஸ்ட் தாண்டி மேப்பாடிக்கு ஓடுனவங்க நீங்க. ஆனா அந்தக் கடிதத்துல நடுவுல ஒரு வரி எழுதிட்டு அப்படியே விட்டுட்டீங்க, எனக்கு அதுதான் மறக்கல. கேம்ப்ல ஒரு பாட்டி, எஸ்டேட் பாடியில, அதாவது லயத்துல, இருந்தவங்க, நான் தினம் மூணு மாத்திரை போடுவேன் ஒண்ணு வெள்ளை ஒண்ணு ரோஸ் ஒண்ணு பாதி உடைச்சதுன்னு சொன்னாங்க, பேர் தெரியல, சீட்டு மண்ணோட போயிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. சூரல்மலையில 190 அடி பெய்லி பாலத்தை, அந்த அவசர இரும்புப் பாலத்தை, ஆர்மிக்காரங்க ஒன்றரை நாளுக்குள்ள போட்டுட்டாங்க, அந்த பாட்டி மாத்திரை பேர் கிடைக்கல. அடுத்த மழைக்கு முன்னாடி உங்க டிவிஷன்ல ஒவ்வொரு வீட்டுலயும் மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புக் முதல் பக்கம், இதெல்லாம் அவங்க சம்மதத்தோட போட்டோ எடுத்து அவங்க வீட்டுல வெளியூர்ல இருக்க ஒருத்தர் போனுக்கு அனுப்பி வைங்க, சீட்டோட ஒரு ஜெராக்ஸ் கிராம நர்ஸ்கிட்ட. 2019 ஆகஸ்ட்ல ஊட்டிக்கு அந்தப் பக்கம் அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சு, நம்ம மலை எப்ப இளகும்னு யாருக்கும் தெரியாது. நிவாரணக் கேம்ப்புக்குன்னு உலகம் பூரா அமைப்புங்க ஒத்துக்கிட்ட ஸ்பியர் அளவுகள் இருக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கக்கூஸ், ஆம்பள பொம்பளைக்குத் தனித்தனியா. உங்க ஸ்கூல்ல கேம்ப் போட்டா எத்தனை பேரைத் தாங்கும்னு இப்பவே எண்ணிப் பாருங்க, டேங்க் எத்தனை லிட்டர், கக்கூஸ் எத்தனை, தாழ்ப்பாள் இருக்கா. எண்ணுனதை விஏஓ கையில எழுத்துல கொடுங்க.

சரி, 25,000 டாலர் என்ன ஆகுறது? அது வீணாப் போகணும்னு எனக்கு ஆசை இல்ல தம்பி, அங்க குளிர்ல டபுள் ஷிப்ட் பார்த்து சேர்த்த காசு. நம்ம நீலகிரிலயும் வயநாட்டுலயும் எஃப்சிஆர்ஏ ரிஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்க ஆஸ்பத்திரி, படிப்பு அமைப்புங்க இருக்கு, அதுல ஒண்ணுக்கு டொரண்டோ சங்கம் நேரா அனுப்பட்டும், அனுப்புறதுக்கு முன்னாடி ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட்ல முடியுற தேதி பார்க்கணும், ஏன்னா அது 5 வருஷத்துக்குத்தான், போன வருஷ எஃப்சி-4 காப்பியும் கேட்கணும், கொடுக்கத் தயங்குற இடம் வேண்டாம். அந்த அமைப்பு தானே நடத்துற வேலையா உங்க டிவிஷனையும் சேர்த்துக்கட்டும், ரெண்டு பொண்ணுங்களை சுகாதாரப் பணிக்கு எடுத்தா சம்பளம் அந்த அமைப்பே அவங்க அக்கவுண்ட்ல போடும், உங்க டிரஸ்ட் வழியா ஒரு ரூபாயும் போகாது. நீங்க இடம் கொடுங்க, எந்த வீட்டுல யாருக்கு என்னன்னு தெரிஞ்ச அந்தக் கணக்கைக் கொடுங்க, அது எந்த டாலருக்கும் கிடைக்காது. கனடா பக்கமும் சட்டம் இருக்கு, அங்க பதிவான அறக்கட்டளையா இருந்தா வெளிநாட்டுல செலவான காசுக்குப் பொறுப்பா கணக்குக் காட்டணும், அதனால ஒழுங்கான அமைப்பு ரசீது கொடுத்தா உங்க அண்ணனுக்கும் நிம்மதி.

அண்ணனுக்கு எப்படிச் சொல்றதுன்னு தயக்கமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இப்படிச் சொல்லுங்க: "அண்ணா, நீங்க சேர்த்த காசு வேண்டாம்னு சொல்லல, என் பேர்லயும் டிரஸ்ட் பேர்லயும் வாங்க சட்டம் விடல, வாங்குனா டியூஷனையே மூட வேண்டி வரும். ஒரு ஆஸ்பத்திரி பேர் அனுப்புறேன், நீங்களே நேரா பேசுங்க, மழை விட்டதும் ஒரு தடவ வாங்க, தாத்தா நட்ட தேயிலையைக் காட்டுறேன்." அவர் கோவிச்சுக்க மாட்டார்.

உங்க டிரஸ்ட்டுக்குன்னு இப்ப செய்ய வேண்டியது டிரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்கு தர்ற 12ஏ, நன்கொடை தர்றவங்களுக்கு வரிச் சலுகை தர்ற 80ஜி, ரெண்டு பதிவும் வாங்குறது. உள்ளூர்க்காரங்க, பெங்களூர் கோயம்புத்தூர்ல வேலை பார்க்குற உங்க ஊர்ப் பசங்க, பேங்க் வழியா தர்றவங்கள்ல பழைய வரி முறையில கணக்குக் காட்டுறவங்களுக்கு வரிச் சலுகை கிடைக்கும், ரொக்கமா 2,000-க்கு மேல தந்தா அந்தச் சலுகை கிடையாதுங்கறதையும் சொல்லிடுங்க. துபாய் தம்பி மாசம் 5,000 தர்றேன்னாரே, அவர் சொந்தக் காசுன்னா இந்த மாசத்துல இருந்தே வாங்குங்க, ஜீப் வாடகை அதுலயே ஓடும்.

அந்த 1,20,000-க்கு வர்றேன். பணத்தைத் திருப்பி அனுப்புறதா, நடந்ததை நாமளே ஒத்துக்கிட்டு அபராதம் கட்டி முடிச்சுக்கறதா, சட்டத்துல அதுக்கும் ஒரு வழி வச்சிருக்காங்க, எது உங்களுக்குப் பொருந்தும்னு பேப்பர் பார்க்காம நான் இங்க சொல்ல மாட்டேன், சொன்னா அது பொறுப்பில்லாத பேச்சு. எஃப்சிஆர்ஏ கணக்கு பார்த்த அனுபவம் இருக்க ஒரு ஆடிட்டரை ஊட்டிலயோ கோயம்புத்தூர்லயோ இந்த வாரமே நேர்ல பாருங்க. போகும்போது பணம் வந்த தேதி தெரியுற பாஸ்புக், அண்ணன் அனுப்புன மெசேஜ் பிரிண்ட் எடுத்து, நோட்டுக்கடை பில், நோட்டு வாங்குன பிள்ளைங்க கையெழுத்துப் போட்ட லிஸ்ட் இருந்தா அது, டிரஸ்ட் பத்திரம், இவ்வளவும் எடுத்துட்டுப் போங்க. மெசேஜ் எதையும் அழிச்சிடாதீங்க.